உட்டுட்டுப் போன புருசன்

மாரப்பன்: ஏம்புள்ள, கார்டைப் பாத்துட்டாங்களா?

வரலட்சுமி: பாக்கறாங்க... கம்ப்யூட்டரு மெதுவா ஓடுதாமா. இந்தக் கஞ்சியக் குடிங்க.

மாரப்பன்: காப்பீட்டுல பாஸாகலீன்னா நெஞ்சு ஆப்பரேசனு இங்க ஆகாது.

வரலட்சுமி: ஆகுமுங்க. பேசாமப் படுங்க.

மாரப்பன்: நம்மூட்டுக் கூரைக்குக் கான்கிரீட்டு எப்பப் போடறாங்களாம்?

வரலட்சுமி: இப்ப அந்தப் பேச்சு எதுக்குங்க?

மாரப்பன்: குடியிருந்த சாளை இடிஞ்சு ரெண்டு மழை பாத்தாச்சு. நீயும் நம்ம புள்ள லோகப்பிரியாளும் படுக்க எடம் வேண்டாமா?

வரலட்சுமி: சொட்டுநீர்க் கொழாய் மானியத்துக்குக் காட்டுல பாதியை என்ற பேருக்கு மாத்துனோம். சிறு விவசாயின்னு முழுசும் வந்துச்சு. அதுல ருசி கண்டுபோட்டோம்...

மாரப்பன்: அதுல பொய்யில்லியே.

வரலட்சுமி: இந்தக் கவருமெண்டு ஊட்டுக்கு? புருசன் உட்டுட்டுப் போயிட்டான்னு எழுதுனா முன்னால கெடைக்கும்னு பஞ்சாயத்து ஆபீசு அப்புசாமி அண்ணன் சொன்னாருன்னு, ரேசன் கார்டுல உங்க பேரை அடிச்சோமே...

மாரப்பன்: நீ அழுதே. நாந்தான் சிரிச்சேன். ஊடு முடியட்டும், ஓடிப்போனவன் திரும்பி வந்துட்டான்னு சேத்துக்கலாம்னு.

வரலட்சுமி: காப்பீட்டுக்கும் அந்த ரேசன் கார்டுதான்னு நமக்கு யாருங்க சொன்னா...

மாரப்பன்: ...அப்ப என்ற பேரு இல்லீன்னுட்டாங்க.

வரலட்சுமி: ...ம்.

மாரப்பன்: எனக்கு நேத்தே தெரியும்.

வரலட்சுமி: அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?

மாரப்பன்: நீ அங்க என்ன சொன்னீன்னு தெரியோணுமில்ல. புருசன்னு சொல்லலியே?

வரலட்சுமி: கஞ்சி ஆறுது, குடிங்க.

மாரப்பன்: சொன்னா ஊடு ரத்து. குடுத்த பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க.

வரலட்சுமி: பெரியாஸ்பத்திரிக்குப் போயி வரிசையில நிக்கற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரு சொன்னாருங்க.

மாரப்பன்: அது என்ற பாடு. நேத்து நீ கஞ்சி வாங்கப் போனப்ப கார்டு மேசைக்காரரு வந்தாரு. இதுல உன் பேரு இல்லியே, உங்காளு யாருய்யான்னாரு. எனக்கு யாருமில்லீங்க, அது பக்கத்துத் தோட்டத்து அம்மா, பாவம்னு தொணைக்கு வந்திருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்.

வரலட்சுமி: அதானுங்களா... ஊடு போனாப் போகுது, அவரு என்ற ஊட்டுக்காரருதானுங்கன்னு இப்பத்தான் அந்த மேசையைப் புடிச்சுட்டு அழுதேன். அந்தப் பேசண்டே எல்லாஞ் சொல்லிட்டாரு, அடுத்தவங்களுக்கெல்லாம் உன் கார்டைக் கொண்டு வராதம்மான்னு கையில குடுத்துத் தொரத்திப்போட்டாங்க.