உடன் வந்தவரின் இருமல்

நோயாளர் நலச் சங்கத்தின் தலைவர் அவர்களே, மருந்துச் சீட்டோடு வந்திருக்கும் பெரியோர்களே, சீட்டு ஏதுமின்றித் துணைக்கு மட்டும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நாளைய வரலாறு நம்மைக் கேட்கும்: நீங்கள் என்ன சாதித்தீர்கள்? தலை நிமிர்ந்து சொல்வோம்: மூன்று கூட்டம் விவாதித்து, மருத்துவர் அறையில் துணைக்கு வருபவரின் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினோம்.

ஏன் தள்ளினோம்? மருத்துவரின் மேசைமேல் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி இருக்கிறது. பேசுவதைக் கேட்டுக் குறிப்பெழுதும். என் அக்கா, அத்தானைச் சர்க்கரைக்காக அழைத்துப் போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள், நடுநடுவே இருமினாள். அத்தான் மாத்திரை விழுங்க மட்டுமே வாய் திறப்பவர். கருவி எழுதியது: "நோயாளியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உடன் வந்தவருக்கு மூச்சு வாங்குகிறது. நுரையீரலைப் பரிசோதிக்கவும்."

அத்தான் வாய் திறந்தார். "டோக்கன் எடுத்தது நானு. அது யாரக் கேட்டு இவளப் பாத்துச்சு?"

மருத்துவர் அக்காவிடம் திரும்பினார். "எத்தன நாளா இருமல்மா?"

"அது கெடக்கட்டும் டாக்டர். இவருக்குக் கால் மரத்துப்போகுது, அத எழுதச் சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் இருமிக்கொண்டே சிரிக்கும் அம்மா, உங்களையும்தான் சொல்கிறேன்.

கருவி ஒட்டுக் கேட்கிறது என்று கொதித்தோம். புகார் எழுதினோம். துணைக்கு வருபவரின் பேச்சு அதன் காதில் விழாதபடி நாற்காலியைத் தள்ளத் தீர்மானம் போட்டுக் கை தூக்கினோம். தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அனுமதியின்றிக் கேட்பது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு மாத இருமல், ஐயா. அத்தான் கேட்டாரா? பிள்ளைகள் கேட்டார்களா? அடுத்த தெருவில் குடியிருக்கும் தம்பி நான் கேட்டேனா? நம் சர்க்கரையைச் சொன்னால் அது அறிவு, நம் வீட்டுப் பெண்ணின் மூச்சைச் சொன்னால் அத்துமீறலா? கருவியை நம்பலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். நம்மை நம்பலாமா என்று அவளிடம் யார் கேட்டோம்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். முதலில் வீட்டுக்குப் போய்க் காது கொடுங்கள்.

பொறுமையோடு அமர்ந்திருந்த அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். என் அக்கா இங்கே வர இயலவில்லை. அவளுடைய நுரையீரல் பரிசோதனை இன்று காலை பத்து மணிக்கு. அதே பத்து மணிக்கு அத்தானுக்குக் கண் பரிசோதனை. அவள் அத்தானோடு போயிருக்கிறாள்.