கன்னி மண்

— ...அதான் உடனே உன்னைக் கூப்பிட்டேன்க்கா. பழைய பொருள் கிடைச்சா கட்டட வேலைய நிறுத்தணும், உங்க தொல்லியல் சட்டம் அதுதானே?

— என் தொழில எனக்கே சொல்லித் தர்றியா, இன்ஜினியரு? ஓட்டக் காட்டு.

— இந்தா. பானை ஓடு. உள்ள கறுப்பு, வெளிய சிவப்பு.

— ம்... கழுவினியா?

— லேசா... துடைச்சேன்.

— எங்க கிடந்துச்சு?

— அதோ, குழிக்கு அடியில. தெற்குப் பக்கம், மஞ்சளா தெரியுது பாரு.

— அந்த மஞ்சள் மண்ணுலயா?

— ஏன்க்கா?

— அது கன்னி மண்ணுடா. மனுஷன் காலே படாதது. அது வந்துட்டா நாங்க தோண்டறதையே நிறுத்திடுவோம். அதுக்குள்ள பானை ஓடு எப்படி வந்துச்சு, நடந்தா?

— எலி கிலி இழுத்துட்டு வந்திருக்கும்.

— எலி! சரி, இறங்கிப் பாத்துடலாம். ஏணியப் பிடி.

— எதுக்கு? ஓடுதான் கையிலயே இருக்கே!

— கையில இருக்கறது வெறும் ஓடு. கிடந்த இடத்தோட பாத்தாத்தான் எங்களுக்கு அது சாட்சி.

— நான் போட்டோ எடுத்துட்டு வர்றேன், நீ இங்கயே நில்லு.

— இருபது வருஷமா குழிக்குள்ளயே குடித்தனம் பண்றவடா நான். தள்ளு.

— அக்கா, வேணாம்...

— என்னடா, ஏணிய இழுக்கற? ஒழுங்காப் பிடி. ஒரு படி...

— இறங்காதக்கா! மேல வா! அந்தச் சுவர் நிக்காது!

— எந்தச் சுவரு?

— மேல வான்னு சொல்றேன்ல! கையக் குடு.

— வந்துட்டேன். இப்ப சொல்லு.

— குழியோட தெற்குச் சுவர் நேத்து விரிஞ்சுச்சு. காலையில பாத்தா விரிசலுக்குள்ள உள்ளங்கை போகுது. சாப்பாடு முடிஞ்சதும் ஆளுங்கள உள்ள இறக்கச் சொல்லியிருக்காரு.

— யாரு, உன் மாமனாரா? அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— முட்டுக் கொடுக்கணும்னு போன வாரமே சொன்னேன். எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. “சுவரு நிக்குமா நிக்காதா மாப்ள, ஒரே வார்த்தை”ன்னாரு.

— நீ?

— ...நிக்கும்னுட்டேன்.

— அட பாவி.

— வீட்டோட மாப்பிள்ளைக்கு வேலையும் அவர் கொடுத்தது, கூரையும் அவரோடது. இப்பப் போய் எப்படி மாத்திச் சொல்ல? பழைய பொருள்னு நீ சொல்லி வேலை நின்னா யாருக்கும் கெட்ட பேரு வராதுக்கா.

— எனக்கு?

— உனக்கென்ன...

— இத மோந்து பாரு.

— ஏதோ... வாடை அடிக்குது.

— நெயில் பாலிஷ் ரிமூவர். ஓட்டுல நம்பர் எழுதி, அழியாம இருக்க மேல நெயில் பாலிஷ் தடவறது எங்க வழக்கம். அத எவனோ துடைச்சிருக்கான். என் அலமாரி ஓடுடா இது. இதுக்கு நான் ஆமாம்னு சொன்னா, அப்புறம் எந்த மியூசியம் என்னை உள்ள விடும்?

— பாத்ததுமே தெரிஞ்சிடுச்சா?

— ஓரத்துல என் கையெழுத்து பாதி அப்படியே இருக்கு, மடையா. திருடவும் தெரியல உனக்கு.

— அக்கா... உன் போன் அடிக்குது. என் மாமனார்தான், நீ வர்றது அவருக்குத் தெரியும். எடுக்காத!

— ஹலோ மாமா... ஆமா, பாத்துட்டேன். ஓடு பழசுதான் மாமா. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்...

— அக்கா! நீ தெய்வம்க்கா...

— ...அது குழிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு உங்க மாப்பிள்ளை சொல்வாரு. இருங்க. இந்தா, பேசு.

— வேணாம்க்கா... என்னால முடியாது...

— அங்க பாரு. ஆளுங்க டிபன் பாக்ஸக் கழுவிட்டாங்க.

— ...மாமா. ஓட்ட நான்தான் கொண்டாந்து வெச்சேன். சுவர் நிக்காது மாமா. நிக்கும்னு உங்களுக்குப் பயந்துதான் சொன்னேன்... யாரும் இறங்கக் கூடாது. இறங்க விடமாட்டேன்... ஹலோ?... ஹலோ?

— என்ன சொன்னாரு?

— ராத்திரி வீட்டுப் பக்கம் வர வேணாமாம்.

— என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அலமாரியப் பூட்டி வெச்சுக்கறேன்.

— சிரிக்காதக்கா... நான் கத்தலைன்னா நிஜமாவே இறங்கியிருப்பியா? முதல்ல மேஸ்திரிகிட்ட ஓடிப்போய்ச் சொல்றேன், யாரையும் இறக்காதேன்னு...

— மெதுவாப் போ. கேட்டுக்குள்ள வரும்போதே விரிசலப் பாத்துட்டேன், மேஸ்திரிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். நீ வாயத் திறப்பியா மாட்டியான்னு பாக்கத்தான்டா ஏணியில கால வெச்சேன்.