ஜெராக்ஸ் கடை சாமி

தலைய ஆட்டாதீங்க மச்சான். ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறங்க. இல்லன்னா ரெண்டு தடவ. வாய மட்டும் தொறந்துடாதீங்க, மீசை மேலயே தேனீ ஒரு கும்பல் உக்காந்துக்கினு இருக்கு. ஆங், அப்படித்தான். கொட்டாது. கூட்ட விட்டுக் கெளம்புறப்ப இதுங்க வயிறு முட்டத் தேன குடிச்சிட்டுத்தான் கெளம்புங்க. பந்தியில ஒரு கட்டு கட்டிட்டு வந்த ஆளு மாதிரி, சண்டை போடத் தெம்பு இருக்காது. நீங்க கைய வீசினாத்தான் பேஜாரு.

எதுக்கு உங்க மேல வந்து உக்காந்துச்சுன்னா பாக்குறீங்க? இன்னான்னு சொல்றது. காலையில வரைக்கும் தேனீப் பெட்டியிலதான் இருந்துச்சுங்க. அப்பறம் மொத்தமா வெளிய வந்து அந்த முருங்க மரத்துல கொத்தா தொங்குச்சு. நீங்க வந்தீங்க, வண்டிய நிறுத்துனீங்க, சந்திராவோட துணிப்பைய எடுத்துக் குடு, நான் போவணும்னு இந்தச் சேர்ல உக்காந்தீங்க. கொஞ்ச நேரத்துல பூராவும் உங்க மேல எறங்கிடுச்சு. சேரு ராசியோ இன்னாவோ.

கண்ணு பாக்கெட்டுக்குப் போவுதே, சிகரெட்டா? இப்பவா? பாக்கெட்டுப் பக்கம் கையே போவக் கூடாது மச்சான்.

இதோ, பெட்டிய தொடச்சிக்கினேதான் இருக்கேன். உள்ள பழைய மெழுகு கொஞ்சம் தேச்சி வெச்சா நம்ம வீடுன்னு இதுங்க உள்ள போயிடும். கொஞ்சம் பொறுங்க. உங்க தங்கச்சி சந்திரா அங்க உங்க வீட்டுல நல்லா சாப்புடுறாளா? ஒரு தடவ. சரி. தூங்குறாளா? அதுக்கும் ஒரு தடவதானா. கொஞ்சம் யோசிச்சி மூடியிருக்கலாம்.

பூச்சிக்காக பொண்டாட்டிய வெரட்டினவன்னு வேங்கிக்கால் முழுக்கப் பேச்சாமே. வெரட்டல மச்சான். பெட்டி வந்தப்ப நாலே நாலு தேனடை. புதுக் குடும்பம். கைக்கொழந்த மாதிரி பாத்துக்கணும்னு தேனீ வளர்ப்புப் பயிற்சியில சொன்னாங்க. சாயங்காலம் ஆனா சர்க்கரத் தண்ணி வெக்கணும். கொட்டாங்குச்சியில ஊத்தி, அதுங்க முழுவிடாம இருக்க நாலு தொடப்பக் குச்சிய மெதக்க விடணும். வெச்சேன். ரேஷன் சர்க்கர பூரா அதுங்களுக்குப் போச்சு. சந்திரா கசப்பு டீயக் குடிச்சிக்கினு ஒண்ணும் சொல்லல. எறும்பு ஏறாம இருக்க ஸ்டாண்டு கால் நாலுக்கும் அடியில தண்ணிக் கிண்ணம் வெக்கணும். வெச்சேன். எவர்சில்வர் கிண்ணம். ஆமா, நீங்க சீரு குடுத்ததுதான். மூச்ச மெதுவா விடுங்க மச்சான், மூக்கோரம் ஒண்ணு இருக்கு.

அம்மா! யம்மா! கற்பூரம் ஏத்தாதீங்க! அவரு சாமி இல்லம்மா, என் மச்சான். மௌன சாமியும் இல்ல, வேங்கிக்கால்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு. இல்லம்மா, அருள்வாக்கெல்லாம் சொல்ல மாட்டாரு. பையனுக்கு வேலையா? கெடைக்கும், கெடைக்கும், நீங்க மலைய சுத்துங்க. வாழப்பழத்த எடுத்துட்டுப் போங்க. எடுத்துட்டுப் போவலியா? சரி.

பாத்தீங்களா. பௌர்ணமி அன்னிக்கி அடி அண்ணாமலையில ரோட்டோரம் ஒரு மனுஷன் அசையாம பேசாம உக்காந்தாலே கும்புட்டுட்டுத்தான் போவாங்க. நீங்க உடம்பெல்லாம் தேனீயோட உக்காந்துக்கினு இருக்கீங்க. இந்தக் கொஞ்ச நேரத்துல ரெண்டு சீப்பு பழம், ஒரு தேங்கா. அந்த வெள்ளக்காரப் பொண்ணு உங்க எதிர்ல கண்ண மூடி உக்காந்து ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்கு நான் எப்டி ஜெராக்ஸ் கடைய வெளக்குறது.

எங்க வுட்டேன்? ஆங், கிண்ணம். அப்பறம் லைட்டு. ராத்திரியில வெளிச்சத்துக்கு இதுங்க வெளிய வந்துடும்னு பின்பக்க லைட்டப் போட வேணாம்னேன். பாவம், இருட்டுலயே பாத்திரம் கழுவுனா. அதுக்கும் பேசல. கடைசியா மல்லிப்பூ. கம்முனு வாசன அடிச்சா அதுங்களுக்கு ஆவாதோன்னு எனக்கே ஒரு பயம். பெட்டி தேறுற வரைக்கும் தலையில பூ வெக்காதன்னேன். கட்டிக்கினு வந்த நாள்லேருந்து ஒரு நாளு பூ இல்லாம இருந்ததில்ல அவ. என்ன ஒரு பார்வ பாத்தா. பைய எடுக்கக் கூட இல்ல, கட்டுன பொடவையோட பஸ் ஏறிட்டா.

சரி, பொண்டாட்டி போச்சு, இதாவது தேறட்டும்னு இன்னும் ஜாஸ்தியா கவனிச்சேன். அதான் இன்னிக்கு இதுங்களும் கெளம்பிடுச்சு. ஏன்னு ரோசன பண்ணிக்கினே முருங்க மரத்தடியில நின்னேன். புதுப் பெட்டிய வாரத்துக்கு ஒரு தடவதான் தொறந்து பாக்கணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நான் காப்பி குடிச்சா ஒரு தடவ, பல்லு வெளக்குனா ஒரு தடவ, மூடியத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். நல்லா இருக்கீங்களா, முட்டை இருக்கா, ராணி இருக்கான்னு. வீடு கட்டி முடிக்கவே வுடல. சந்திராவையும் அப்டித்தான். இன்னா ரோசன, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, கோவமா, கோவம் இல்லன்னா ஏன் பேசல. அவளும் ஒரு மூடி போட்டுக்கினு உள்ள உக்காந்திருப்பா, நான் தூக்கிக்கினே இருந்திருக்கேன். அம்பத்தாறு வயசுல ஒரு பூச்சி பறந்து போய்க் காட்டணுமா இத? நான் கவனிக்கிறேனா, தொந்தரவு குடுக்குறேனான்னு எனக்கே தெரியல மச்சான். கண்ண மூடுனீங்களே, எந்தக் கேள்விக்கு?

ஒரு போட்டோ எடுத்துக்குறேன். சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா உள்ள பூந்துடும். உங்க தங்கச்சிக்குத்தான் அனுப்புறேன். நான் போன் போட்டா எடுக்க மாட்டா, போட்டோ வந்தா பாப்பா. உங்க அண்ணன் உசுரோடதான் இருக்காரு, பேச்சுதான் இல்லன்னு கீழ எழுதிட்டேன். தோ, பாத்துட்டா. பதிலு காணோம்.

ஐயா, மாலையெல்லாம் வேணாங்க. அவருக்குப் பூ ஆவாது. அந்த மரத்துக்குப் போடுங்க, புண்ணியமாப் போவும்.

திரும்பி வந்தா இனிமே சாயங்காலம் தண்ணிய வெச்சிட்டுக் கம்முனு போயிடப் போறேன். இதுங்களத்தான் சொல்றேன். அவளையுந்தான். பூ வெச்சிக்கட்டும், பெட்டியக் கொல்லக் கோடிக்குத் தள்ளி வெச்சிடுறேன். கிண்ணத்துக்குப் பதிலா தேங்கா ஓடு வெச்சிட்டேன், கிண்ணம் நாலையும் தேச்சிக் கழுவி அடுக்கியாச்சு. இதச் சொல்லணும்னு உங்க கடைக்கு ரெண்டு தடவ வந்தேன் மச்சான். வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க பேச ஆரம்பிச்சீங்க. மெஷின் சத்தம் வேற.

இரு இரு. அந்த ஆட்டோவுல எறங்குறது சந்திராவா? அவதான். கூட்டத்த இடிச்சிக்கினு வர்றா. மூஞ்சி செவந்து கெடக்கு, நல்லது. இன்னா கோவம்னு நான் கேக்கப் போறதில்ல. மச்சான், உங்களால திரும்பிப் பாக்க முடியாது, நான் சொல்றேன். தலையில பூ இல்ல. கையில ஒரு பிளாஸ்டிக் கவரு, அதுல ரெண்டு மொழம் மல்லிய முடிச்சுப் போட்டு, இதுங்களுக்கு வாசன வரக் கூடாதுன்னு ஒடம்ப விட்டுத் தள்ளிப் புடிச்சிக்கினு வர்றா.

சரி, பெட்டி ரெடி. அசையாதீங்க, உங்க பாக்கெட்டுல கை வுடுறேன். வந்தவுடனே ஒரு தீப்பெட்டியக் குடுத்து, கொஞ்ச நேரம் வெச்சிருங்க மச்சான்னேனே. அதுல குச்சி இல்ல, மரத்துக் கொத்துலேருந்து புடிச்ச ராணி இருக்கு. ராணி எங்கயோ மொத்தக் கூட்டமும் அங்க. தெரிஞ்சிதான் குடுத்தேன், நான் பேசி முடிக்கணுமே.

மச்சான், கண்ண அவ்ளோ பெருசாத் தொறக்காதீங்க. அதுக்கு நாம ஒண்ணும் பேசி வெச்சிக்கல.