கல்கத்தாவிலிருந்து எத்தனை மணி நேரம்

பெயர் சந்திரமதி, வயது முப்பத்தொன்று, பள்ளி ஆசிரியர் மாணிக்கவாசகத்தின் மனைவி, இருப்பிடம் மலாக்கா காஜா பெராங். ஜப்பானியக் கணக்கில் 2604ஆம் ஆண்டு, அதாவது 1944, நவம்பர் மாதம், போலீஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் சேதுபதி கேட்க, காவலில் இருக்கும் நான் சொல்வது:

எங்கள் வட்டாரக் காவல் குழுத் தலைவர் பொன்னுதுரையை மண்வெட்டிப் பிடியால் அடித்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

இம்மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக உயரத்தில் விமானங்கள் தெற்கே ஷோனான் பக்கம், அதாவது சிங்கப்பூர் பக்கம், போயின. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். அப்போது பொன்னுதுரை எங்கள் வாசலுக்கு வந்து, "இதெல்லாம் எங்கேருந்து வருது வாத்தியாரே?" என்று கேட்டார். கல்கத்தா பக்கமிருந்து வரலாம் என்று என் கணவர் சொன்னார். "அவ்வளவு தூரத்துலேருந்தா? எத்தனை மணி நேரம் பிடிக்கும்?" என்று அவர் மறுபடி கேட்டார். பள்ளியில் பூகோளத்தை எடுத்துவிட்டு ஜப்பானியப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வைத்த பிறகு என் கணவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகையால் அவர் குடைமுனையால் மண்ணில் கோடு கிழித்து, நேர்க்கோட்டில் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல், கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல், மணிக்கு இருநூறு மைல் போகும் விமானமானால் ஒன்பது மணி நேரம் என்று விளக்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து, "போதும், உள்ள வாங்க" என்றேன். அவர் வரவில்லை. ரங்கூன் எங்கே, பினாங்கு எங்கே என்றும் காட்டினார். பொன்னுதுரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு புதன்கிழமை போலீஸ் லாரி வந்தது. வானொலி ஒளித்து வைக்காதவனுக்கு எதிரி விமானத்தின் மணிக்கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, மெத்தையைக் கிழித்து, அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். வானொலி இல்லை. இருந்தும் அவரைக் கொண்டுபோனார்கள். செருப்புப் போட விடவில்லை.

அதன் பிறகு இரண்டு தடவை இந்த நிலையத்துக்கு வந்தேன். அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பூகோளப் படம் பார்த்துச் சொல்லும் கணக்கு என்றும், கேட்டது பொன்னுதுரை என்றும் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை என் கணவரின் சட்டையை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சட்டை எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நேராகப் பொன்னுதுரை வீட்டுக்குப் போனேன். அவர் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். "அண்ணே, நீங்க கேட்டதாலதான் அவரு சொன்னாரு. அதை மட்டும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்று கேட்டேன். "நான் கேட்டேன், சரி. அவரு ஏன் பதில் சொன்னாரு?" என்றார். கதவோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துப் பிடியால் அவர் வாயில் அடித்தேன். முன்பற்கள் போயின. மறுபடி ஓங்கியபோது அவர் மனைவி அலமேலு என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளிடம் எனக்குப் பகையில்லை.

செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இல்லை. என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்டேன். அது இந்த வழக்கில் சேராது என்றார். கணவருக்காக வந்தபோது யாரும் எழுதாத என் சொல்லை, இந்த மனிதரை அடித்த பிறகு எழுதுகிறார்கள். ஆகையால் கேள்வி கேட்டவர் பொன்னுதுரை என்பதை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எழுதப்பட்டது.

முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மா. சந்திரமதி