ஊதா வட்டம்

அந்தப் பேனாவை மூடி வையுங்கள், ஐயா. விசாரணை முடிவதற்குள் ஊதா மை காய்ந்துவிடும். பணி ஓய்வு பெற்றவன் கண்ணில் இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் படுகின்றன.

நான் எழுதிய கணினி நிரலிடம் மச்சத்தின் புகைப்படத்தைக் காட்டினால் போதும். புற்றா, வெறும் மச்சமா என்று சொல்லிவிடும். மாநாட்டில் அதை அறிவித்தபோது விழுந்த கைதட்டலில் அரங்கத்தின் கூரை ஓரடி எழும்பி உட்கார்ந்தது. நம்பவில்லையா? சரி, அரையடி.

கைதட்டாதவள் என் ஆய்வு மாணவி. ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மறுநாளே என் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், அது மச்சத்தையே பாக்கல. சந்தேகம் வந்தா டாக்டருங்க பேனாவால சுத்தி வட்டம் போட்டுட்டுத்தான் போட்டோ எடுக்குறாங்க. நம்ம புரோகிராம் அந்த ஊதா மையைத்தான் கத்துக்கிட்டிருக்கு. மச்சமே இல்லாத என் கையில வட்டம் போட்டுக் காட்டினேன். புற்றுங்குது."

"உன் கைக்கு ஆயுசு கெட்டிம்மா, பயப்படாதே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவர்கள் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை. அவளை வேறு துறைக்கு அனுப்பினேன். நிரலை மருத்துவமனைகளுக்கு அனுப்பினேன். உங்களிடம் வந்து வத்தி வைத்ததும் அவளாகத்தான் இருக்கும்.

மருத்துவமனைகளில் என்ன நடந்தது? டாக்டருக்கு முன்பே கேமரா பார்த்துவிட்டது. வட்டம் போட ஆளில்லை. ஆகவே எல்லோருக்கும் நல்ல சேதியே கிடைத்தது. அன்றைக்கு எத்தனை குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்! அந்தத் தூக்கத்தை மட்டும் நீங்கள் யாரும் என் கணக்கில் வரவு வைப்பதில்லை. செத்தவர்களைப் பற்றியே கேட்கிறீர்கள். அவர்கள் பிற்பாடு செத்தார்கள். பிற்பாடு நடப்பது என் ஆய்வின் எல்லைக்குள் வராது.

தெரிந்தே செய்தேனா என்றால், தெரிந்தேதான் செய்தேன். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டு உங்கள் மையை வீணாக்காதீர்கள்.

ஊராருக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என்று நான் வைத்துக்கொண்டதில்லை. என் மனைவியின் தோளில் ஒரு மச்சம் கறுத்துத் தடித்தது.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாமாங்க?"

"ஊரே உன் புருஷனை நம்புது. உனக்கு மட்டும் டாக்டர் கேக்குதா?"

சாப்பாட்டு மேசை விளக்கடியில் உட்கார்ந்து தோளைக் காட்டினாள். படமெடுத்தேன். 'புற்று இல்லை' என்று திரை சொன்னது. "பரவாயில்லையே, உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இதாவது மிச்சம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை.

படமெடுத்த அன்றைக்கு என் சட்டைப் பையில் ஊதாப் பேனா இருந்தது, ஐயா. ஒரு வட்டம் போட்டிருந்தால் நிரல் உடனே புற்று என்றிருக்கும், அவளும் டாக்டரிடம் ஓடியிருப்பாள். கை பேனாவரை போகத்தான் செய்தது. ஆனால் அது மோசடி. என் ஆயுளில் ஒரு படத்தைக்கூட நான் திருத்தியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.