எட்டாம் நம்பர் மலைக்குக் காவல்

— ...ஆகவே, பெருமதிப்பிற்குரிய சபையோரே, மலையகச் சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கப்படவேண்டிய இந்நாளில், மலைத்தாய் பசுமை மீட்பு மன்றத்தின் தலைவர் அழகுமுத்து ஆகிய நான், எட்டாம் நம்பர் மலையை மீட்டெடுக்கப்பட்ட காடு எனப் பிரகடனம் செய்கின்றேன். இந்த எடத்துல கைதட்டுவாங்க. கொஞ்சம் நிறுத்தி வாசிக்கணும். எப்படி இருக்கு நிலக்ஷி?

— நல்லாருக்குங்க சேர். போன வருசம் மூணாம் நம்பருக்கும் இதத்தான் வாசிச்சீங்க.

— அது ஆரம்ப விழா.

— விழா முடிஞ்ச மாசமே ஆடு மேஞ்சிருச்சு. அதுக்கு முந்தி ஆத்தோரத்துல நட்டது, தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிச்சதுல கருகிப்போச்சு.

— அதையெல்லாம் ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’னு தனிப் பக்கமா போட்டிருக்கோம். காசு குடுக்குற வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்தப் பக்கந்தான் ரொம்பப் புடிச்சிச்சு. ஆனா நாளைக்கு நேர்ல வர்றாங்க. நம்மகிட்ட உசுரோட இருக்கிற ஒரே மலை எட்டாம் நம்பர்தான். அத அவங்க கண்ணால பாத்தாத்தான் மன்றம் ஓடும். இல்லாட்டி உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல.

— அதப்பத்தித்தான் சேர் பேச வந்தேன்.

— வீட்டுக் கதையா?

— வீடு இல்லாத கதை. கார்த்திகை மழையில மண்ணு சரிஞ்சு எங்க லயத்து வீடெல்லாம் போனதுல இருந்து சனமெல்லாம் ஸ்கூல் மண்டபத்துல கெடக்கு. எங்கம்மாவுந்தான். பாய்க்கும் பாய்க்கும் நடுவுல பழைய சீலைதான் செவரு. இப்ப மண்டபத்தையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எட்டாம் நம்பர்ல மரத்த வெட்டிட்டு வீடு கட்டிக்கங்கன்னு தோட்டத்து நிர்வாகத்துல சொல்லியாச்சு.

— தெரியும். மண்ணச் சோதிக்க வந்தவங்க, இந்தப் பக்கத்துலயே சரியாத மலை அதுதான்னுட்டாங்க. ஏன் சரியல? நம்ம மரத்து வேரு புடிச்சு வச்சிருக்கு. சரியாத மலைன்னு குடுக்குறாங்க, அதப் புடிச்சு வச்சிருக்கிற மரத்த வெட்டச் சொல்றாங்க. எவன் மூளையில உதிச்சதோ. நல்லவேளை, நம்ம சனத்துக்கு முனிப் பயம் இருக்கு. இத்தன வருசத்துல ஒரு கொப்ப முறிக்கல.

— தொழிற்சங்கத்துல இருந்தப்போ ஊரூரா மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம் போட்ட வாயா சேர் இது?

— அது அரசியல். இது சுற்றாடல்.

— முனி அங்க எப்படி வந்தாருன்னு உங்களுக்குத் தெரியும்.

— மெதுவா பேசு. கீழ ராசிக் நானா கடையில கேக்கும். காலையிலயே கத்தியெல்லாம் வித்துத் தீந்துருச்சுன்னு மனுசன் சந்தோசமா இருக்காரு. தேயிலைச் செடிய வெட்டிவிடுற கவ்வாத்துத் தொடங்கிட்டாங்க போல.

— கேட்டா என்ன, அவருக்குந்தான் தெரியும். சூலத்த அவரு கடையிலதானே வாங்குனோம். மண் பரிசோதனைக் கருவின்னு பில்லு போடச் சொன்னீங்க, மனுசன் சிரிச்சே ஓய்ஞ்சாரு. ஆத்துல இருந்து கல்லத் தூக்கிட்டுப் போயி குங்குமம் வச்சது நானு. விறகு பொறுக்கப் போன ராக்காயி அக்காவ முனி அடிச்சு ரத்த வாந்தின்னு கதை கட்டுனது நீங்க. அவங்களுக்கு அன்னைக்குக் கருவாடு ஒத்துக்கல, அவ்வளவுதான்.

— அறிக்கையில அதுக்குப் பேரு, சமூகப் பங்கேற்புடன் கூடிய காவல் முறை.

— நல்ல பேருங்க சேர்.

— கேளு. நாளைக்கு ஒரே ஒரு நாள். அவங்க வந்து மரத்தப் பாத்து, போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிரட்டும். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத. முடிஞ்சா சாயந்தரம் ஒரு தேங்காய உடைச்சு, பொங்க வச்சு, சனத்த இன்னும் கொஞ்சம் பயமுறுத்து. வீட்டு விசயமா மன்றம் ஒரு அனுதாபக் கடிதம் அனுப்பும்.

— கடிதத்துல எத்தன பேரு படுக்கலாம் சேர்?

— நீ நட்ட மரம் நிலக்ஷி. உனக்கே வலிக்கலையா?

— வலிக்காம? ஒவ்வொரு கன்னுக்கும் வாளியில சொமந்து ஊத்துனேன். வத்திக் கெடந்த ஊத்துப் பீலியில போன வருசம் தண்ணி வந்துச்சே, அன்னைக்கு அங்கேயே உக்காந்து அழுதேன். அம்மாகிட்டகூடச் சொல்லல.

— அப்ப யோசி. மரம் போனா அந்த மலையும் ஒருநாள் எறங்கும். உங்கம்மா மேலயே எறங்கும்.

— அதையும் சொன்னேன்.

— யாருகிட்ட?

— நேத்து ஸ்கூலுக்குப் போயி எல்லாரையும் உக்காரவச்சுச் சொன்னேன். அது முனியில்ல, ஆத்துக்கல்லு, நாந்தான் வச்சேன்னு. மரத்த வெட்டுனா மலை நிக்காதுன்னும் சொன்னேன். இந்த மழைக்குத் தாங்குமான்னு கேட்டாங்க. இந்த மழைக்குத் தாங்கும்னேன். அது போதும்னாங்க.

— பாவி. சாமிய வச்சு ஏமாத்துனன்னு உன்ன அடிக்கலையா?

— இல்லங்க சேர். அம்மாதான் பேசுச்சு. ‘அந்தக் கல்லுல ஒங்கப்பா சாரத்த எத்தன தடவை அடிச்சுத் தொவைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா’ன்னுச்சு. லயத்துக்கே அன்னைக்கே தெரியுமாம்.

— தெரிஞ்சுமா வெட்டல? இந்தக் குளிர்ல, விறகில்லாம?

— மரம் போனா என் வேலை போயிரும்னு வெட்டலையாம். நம்ம லயத்துல இருந்து ஒரு புள்ளை ஆபீசுக்குப் போகுது, அதக் கெடுக்க வேணாம்னு ராக்காயி அக்காதான் வீடு வீடா சொன்னாங்களாம். நம்ம ரத்த வாந்திக் கதையவும் அவங்களே பரப்பியிருக்காங்க, சின்னப் பிள்ளைங்க போகாம இருக்க.

— அடடா. இதுவல்லவோ சமூகப் பங்கேற்பு. இத உரையில சேர்த்தே ஆகணும். இத்தன வருசம் பொறுத்தவங்களுக்கு நாளைக்கு ஒரு நாள் பொறுக்கத் தெரியாதா?

— என் வேலைக்காகப் பாக்காதீங்கன்னு சொல்லிட்டேன் சேர்.

— என்ன சொன்ன?

— அவங்க ராவெல்லாம் இருமிக்கிட்டுக் கெடக்குறதப் பாத்துட்டு வேற என்ன சொல்றது?

— அப்ப... ராசிக் நானா கடையில அந்தக் கத்தி...

— கவ்வாத்து இல்லங்க சேர்.

— எவ்வளவு வெட்டியிருப்பாங்க?

— நான் பஸ் ஏறுறப்போ பீலி வரைக்கும் வந்துட்டாங்க. அம்மாவும் வெட்டுது.

— நிலக்ஷி. அவங்க நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருவாங்க. எதக் காட்டுறது? அந்த முனிக் கல்லாவது இருக்கா? பக்கத்துல நிக்க வச்சு, மலையக மக்களின் பாரம்பரிய இயற்கை வழிபாடுன்னு ஒரு நாலு வரி பேசிருவேன்.

— ஸ்கூல்ல அடுப்புக்கு ஒரு கல்லு கொறஞ்சுச்சு. அத எடுத்துட்டுப் போயிட்டாங்க.