அம்மை இல்லைங்க மாமா

ஹலோ... ஆமாங்க மாமா, உங்க மாப்பளதானுங்க. போத்தனூர்லதான் இருக்கறேன்... ஞாயித்துக்கெழமையா? வாரேனுங்க. சாந்தாமணி போயி ஆறாம் மாசம், கும்பிடோணுமல்ல...

வர வேண்டாமா? ஏனுங்க?

...சண்முகப்பிரியாவுக்கா? அக்காளுக்கு வந்த மாதிரியே அம்மையா... எத்தன நாளாச்சு?... மூணா. சரிங்க... வேப்பல கட்டியாச்சா. சரிங்க, சரிங்க...

ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?... அத்தை அப்படிச் சொல்றாங்களா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுலதான் சாந்தாமணி போயிட்டான்னு...

மாமா, ஒரு நிமிசம். கொப்புளம் மொதல்ல எங்க வந்துச்சு?... வாயிலயா... கண்ணு செவந்திருக்குதா?... தண்ணி எறங்குதா?...

இதுக்கு முன்னாடி எதாச்சும் மாத்திரை தின்னாளா?... காச்சலுக்கு இல்லீங்க. அதுக்கு முன்னாடி... கால் வீக்கத்துக்கா. என்ன மாத்திரை?

...உங்க யூரிக் ஆசிட் மாத்திரைங்களா.

...இருக்கறேனுங்க. லைன்லதான் இருக்கறேன்.

எத்தன நாளா?... இருவது நாளா. காலைலயும் குடுத்தீங்களா... நிறுத்திப்போடுங்க. இனி ஒண்ணுகூட வேண்டாம்... உங்களுக்கு நாலு வருசமா ஒண்ணும் பண்ணல. தெரியுமுங்க. நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு ஒண்ணும் பண்ணாது. எங்கியோ ஒருத்தருக்குத்தான் ஒடம்பு ஏத்துக்காம தோலு வெந்துபோவும். அம்மை இல்லைங்க மாமா.

எனக்கு எப்படித் தெரியுமா...

பாத்திருக்கறேனுங்க.

...ஆமாங்க. அவளுக்கும் அதேதான், அக்கா தங்கச்சிக்கு ஒரே ஒடம்புவாகு. அம்மை முத்திப்போச்சுன்னு நான் சொன்னது பொய்யிங்க. டாக்டர் மாத்திரை அட்டையப் பாத்ததும் சொல்லிட்டாரு. நாங்க அஞ்சு நாள் லேட்டு. நானும் வேப்பல போட்டுப் படுக்க வெச்சுட்டு, வேளாவேளைக்கு மாத்திரையும் எடுத்துக் குடுத்தேன்.

...ஆமாங்க. தீபாவளிக்கு வந்தப்ப முட்டிவலின்னு சொன்னாளே. நீங்க குடுத்துவிட்ட அட்டைதானுங்க.

அவதான் சொல்ல வேண்டாம்னா. வாயி பூராப் புண்ணு, பேச முடியல. என் உள்ளங்கையில வெரலால எழுதுனா. அப்பாவுக்கு வேண்டாம்னு.

மாமா?... மாமா...

கேளுங்க. ஏனுங்க, கேக்குதா? இன்னிக்கு மூணாவது நாள்தான். உங்களுக்கு நேரம் இருக்குது. கார் எடுத்து ஈரோட்டுக்குப் போங்க. பெட்ஷீட்டோட தூக்குங்க, தோலு ஒரசாம. அட்டையக் கையில எடுத்துக்குங்க... அத்தை குறுக்க நின்னா, சாந்தாமணிக்கு அம்மைன்னு நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. என்னையத் திட்டட்டும்.

நானும் இப்பவே பஸ் ஏறறேன்...

என்னங்க?... இல்லீங்க. அவ உங்கமேல கோவிச்சுக்கல. கடைசி வரைக்கும்.

...நானா?

...

வண்டிய எடுங்க மாமா. போன வெச்சர்றேன்.